போப்பாண்டவர் தபால்தலைகள்: எங்கே தொடங்குவது?

போப்பாண்டவர் தபால்தலை சேர்க்கலாம் என்று இருக்கிறேன் என யாராவது சொன்னால், நான் கேட்கும் முதல் கேள்வி, ‘எந்தப் போப்?’ என்பதுதான். பேதுருவில் தொடங்கி இப்போதைய 14ஆம் லியோ வரை 267 பேர். இவர்களில் பலருக்கு வாடிகன் தபால்தலை போட்டிருக்கிறது. பிரான்ஸ், போர்ச்சுகல், ஹங்கேரி, போலந்து என்று மற்ற நாடுகளும் அவரவர் காரணத்துக்காகப் போட்டிருக்கின்றன. எல்லாவற்றையும் வாங்க ஆசைப்பட்டால் ஆறு மாதத்தில் அலுப்புத் தட்டும், காசும் கரையும். ஒருவரை எடுத்துக்கொண்டு, அவருக்கு ஏன், எந்த ஆண்டில், யார் தபால்தலை வெளியிட்டார்கள் என்று தேடிப் போனால் பொழுது போவதே தெரியாது.

இந்தக் கட்டுரையில் உதாரணத்துக்கு எடுத்துக்கொள்பவர் முதலாம் லியோ, ‘பெரிய லியோ’ என்று அழைக்கப்படுபவர். காரணம் மூன்று. அவருடைய கதை எல்லோருக்கும் பிடிக்கும். அவருக்கான தபால்தலைகள் இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன, விலையும் கையைக் கடிக்காது. தவிர, ஒரே சம்பவத்தை வாடிகன் பத்தாண்டு இடைவெளியில் இரண்டு விதமாக அச்சிட்டிருக்கிறது. அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தபால்தலையை எப்படிப் பார்க்க வேண்டும் என்பது பாதி பிடிபட்டுவிடும்.

முதலில் எல்லை போடுங்கள்

கடைக்காரரிடம் ‘போப் ஸ்டாம்ப்’ என்று கேட்டால் அவர் எதை வேண்டுமானாலும் எடுத்துப் போடுவார். அதில் நாலைந்து தனித்தனி வகைகள் கலந்திருக்கும்.

1870க்கு முன்னால் போப்பாண்டவர் இத்தாலியின் நடுப்பகுதியை ஆண்ட அரசரும்கூட. அந்தப் பாப்பரசு நாட்டின் தபால்தலைகள் 1852 ஜனவரி 1ஆம் தேதி வந்தன. அவற்றில் எந்தப் போப்பின் முகமும் கிடையாது. குறுக்காக வைத்த இரண்டு சாவியும் மேலே மூவடுக்கு முடியும் மட்டும்தான், பெரும்பாலும் வண்ணத்தாளில் கறுப்பு மையில். 1870 செப்டம்பர் 20இல் இத்தாலியப் படை ரோமுக்குள் நுழைந்ததும் அந்த அஞ்சல் முடிந்துபோனது. அச்சுத் தகடுகள் பிறகு வியாபாரிகள் கைக்குப் போய் மறு அச்சுகள் ஏராளமாக வந்தன. போலிகள் தனி. பார்க்க அழகாக, பழமையாக, விலையும் குறைவாகக் கிடைக்கிறதே என்று புதியவர்கள் விழும் முதல் குழி இதுதான். இந்தப் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள்.

1929 பிப்ரவரி 11இல் லாத்தரன் உடன்படிக்கை கையெழுத்தாகி வாடிகன் தனி நாடானது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல் தபால்தலைகள் வந்தன. குறைந்த மதிப்புகளில் சின்னம், உயர்ந்த மதிப்புகளில் அப்போது பதவியில் இருந்த 11ஆம் பயஸின் படம். அன்று முதல் இன்றுவரை பதவியில் இருக்கும் போப்பின் படத்துடன் வருவது ஒரு வகை. பழைய போப் ஒருவரின் பிறந்த நூற்றாண்டு, இறந்த நூற்றாண்டு, புனிதர் பட்டம், அவர் கூட்டிய சங்கம் (ஆயர்கள் கூட்டம்) ஆகியவற்றை நினைவுகூர்ந்து வருவது இன்னொரு வகை. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வகையைப் பற்றியது.

அப்புறம் ‘சேதே வக்காந்தே’ தபால்தலைகள். ஒரு போப் மறைந்து அல்லது விலகி, அடுத்தவர் தேர்வாகும் வரை உள்ள இடைவெளியில் மட்டும் செல்லுபடியாகும் வெளியீடு. முதன்முதலில் 1939இல் பழைய தபால்தலைகளின் மீதே அந்தச் சொற்களையும் ஆண்டையும் கறுப்பில் அச்சடித்து விட்டார்கள். பிறகு 1958, 1963, 1978இல் இரண்டு முறை, 2005, 2013, 2025. இவற்றில் போப் இருக்கமாட்டார். 1939க்குப் பிறகு வந்தவற்றில் சாவிகளுக்கு மேல் ஒரு குடை இருக்கும். சிலர் இதை மட்டுமே சேர்க்கிறார்கள். சின்ன, கச்சிதமான தொகுப்பு, எல்லை தானாகவே இருக்கிறது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை வகை. இரண்டாம் ஜான் பால் படத்துடன் பளபளவென்று பெரிய பெரிய ஷீட்டுகள் மலிவாகக் கிடைக்கும். பல, கடிதத்தில் ஒட்டப்படாமல் சேகரிப்பவர்களுக்கென்றே சிறு நாடுகளின் பெயரில் அச்சானவை. சில, அந்த நாட்டு அஞ்சல் துறைக்கே தெரியாமல் வந்தவை. பார்க்க ஆசையாக இருந்தால் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தொகுப்புக்குள் சேர்க்காதீர்கள்.

கதையைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள்

லியோ 440 முதல் 461 வரை போப்பாக இருந்தவர். 451இல் கால்செடன் பொதுச்சங்கம் கூடியபோது, கிறிஸ்துவின் இரு இயல்புகள் பற்றி அவர் எழுதியிருந்த கடிதம் அங்கே வாசிக்கப்பட்டு ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஹூணர்களின் தலைவன் அட்டிலா வட இத்தாலியைச் சூறையாடிக்கொண்டு வந்தான். ரோமிலிருந்து தூது போனவர்களில் லியோவும் ஒருவர். மாந்துவா ஊருக்குப் பக்கத்தில் மின்சியோ ஆற்றங்கரையில் சந்தித்ததாகச் சொல்வார்கள். அட்டிலா திரும்பிப் போய்விட்டான். படையில் நோய், உணவுத் தட்டுப்பாடு, பின்னால் கிழக்கு ரோமப் படையின் தாக்குதல் என்று வரலாற்றாசிரியர்கள் காரணம் அடுக்குவார்கள். மரபுக்கதையோ, வானத்தில் பேதுருவும் பவுலும் வாளோடு தோன்றியதைக் கண்டு அவன் மிரண்டான் என்கிறது. ஓவியர்களும் சிற்பிகளும் எடுத்துக்கொண்டது இரண்டாவதைத்தான்.

இப்போது ஆண்டுகளைக் கூட்டிப் பாருங்கள். 451உடன் 1500 சேர்த்தால் 1951. 461உடன் 1500 சேர்த்தால் 1961. வாடிகன் கால்செடன் சங்கத்துக்கு 1951இலும், லியோ இறந்த நூற்றாண்டுக்கு 1961இலும் தபால்தலை வெளியிட்டது. நினைவுத் தபால்தலையில் ஏறக்குறைய எப்போதும் இப்படி ஒரு வட்டமான எண் ஒளிந்திருக்கும். 100, 400, 500, 1500. ஒரு போப்பைத் தேர்ந்தெடுத்ததும் அவர் பிறந்த, பதவியேற்ற, இறந்த ஆண்டுகளை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் நூறுகளைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். 1929க்குப் பின் விழும் ஆண்டுகளை மட்டும் கேட்லாக்கில் தேடினால் போதும். கிடைக்காத ஆண்டும் இருக்கும், அது வேறு விஷயம்.

கேட்லாக் என்று சொன்னேன், தபால்தலைகளைப் படம், எண், விலையோடு பட்டியலிடும் புத்தகம். உலக அளவில் ஸ்காட், ஸ்டான்லி கிப்பன்ஸ், மிக்கெல், இவேர் ஆகிய நான்கும் புழக்கத்தில் உள்ளன. இத்தாலி, வாடிகன் பகுதிக்கு சசோனே என்ற இத்தாலியக் கேட்லாக்கைப் பலரும் நம்புவார்கள். ஒரே தபால்தலைக்கு ஒவ்வொன்றிலும் வேறு எண். விற்பவர் எண் சொன்னால் எந்தக் கேட்லாக் எண் என்று கேட்டுவிடுங்கள். புது கேட்லாக் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. பத்து வருடம் பழையது போதும், உங்களுக்கு வேண்டியது படமும் எண்ணும்தான். அதில் போட்டிருக்கும் விலை சந்தை விலை அல்ல. வாடிகனைப் பொறுத்தவரை சந்தை விலை பெரும்பாலும் அதைவிட நன்றாகவே குறைவு.

ஏன் குறைவு என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1950களிலும் 60களிலும் வாடிகன் தபால்தலை விலை ஏறிக்கொண்டே போகும் என்று நம்பி, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் ஷீட் ஷீட்டாக வாங்கிப் பெட்டியில் அடுக்கினார்கள். ஏறவில்லை. அந்தப் பெட்டிகள் இப்போது பேரன் பேத்திகள் வழியாகச் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அவர்களுக்கு நஷ்டம், நமக்கு லாபம். 1960களிலிருந்து 80கள் வரை வந்த பெரும்பாலான செட்டுகளைப் புத்தம் புதிதாக, சொற்ப விலையில் வாங்கலாம்.

இரண்டு லியோக்களைப் பக்கத்தில் வையுங்கள்

1951 செட்டில் இரண்டு படங்கள். ஒன்று சங்கம் கூடிய காட்சி, மற்றொன்று லியோ அட்டிலாவைத் தடுக்கும் காட்சி. இரண்டாவது, வாடிகன் அரண்மனைச் சுவரில் ரஃபேல் வரைந்து 1514இல் முடிந்த ஓவியம். 1961 செட்டில் மூன்று மதிப்புகள்: 15, 70, 300 லிரா. மூன்றிலும் ஒரே காட்சி, புனித பேதுரு பேராலயத்தில் அலெஸ்ஸாந்த்ரோ அல்கார்தி 17ஆம் நூற்றாண்டில் செதுக்கிய பளிங்குப் புடைப்புச் சிற்பம்.

பூதக்கண்ணாடியை எடுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் போதும். 1951 தபால்தலையில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் லியோவின் முகத்தைப் பாருங்கள். அது 5ஆம் நூற்றாண்டு மனிதரின் முகமே அல்ல. ஓவியம் தொடங்கியபோது போப்பாக இருந்தவர் 2ஆம் ஜூலியஸ். அவர் 1513இல் இறந்துபோக, மெதிச்சி குடும்பத்தின் ஜொவான்னி 10ஆம் லியோ என்ற பெயரோடு போப் ஆனார். பெயர் பொருத்தத்தை ரஃபேல் விடுவாரா? பழைய லியோவுக்குப் புதிய லியோவின் முகத்தை வைத்துவிட்டார். அதற்குள் கர்தினாலாகவும் அவரை அதே ஓவியத்தில் வரைந்தாகிவிட்டது. ஆக, ஒரே ஆள் ஒரே சுவரில் இரண்டு தடவை.

இது ஒரு தடவை நடந்த வேடிக்கை அல்ல. 1935இல் வாடிகன் அனைத்துலகச் சட்ட மாநாட்டுக்காக ஒரு செட் வெளியிட்டது. அதன் குறைந்த மதிப்புகளில் பேரரசர் ஜஸ்டீனியன். உயர்ந்த மதிப்புகள் மூன்றில் போப் 9ஆம் கிரகோரி, 1234இல் திருச்சபைச் சட்டத் தொகுப்பை வெளியிடும் காட்சி. அதுவும் ரஃபேல் ஓவியம்தான். அந்தக் கிரகோரிக்கு நீண்ட தாடி இருக்கும். தாடி, ஓவியம் வரையச் சொன்ன 2ஆம் ஜூலியஸுடையது! முகமும் அவருடையதே. தபால்தலையில் உள்ள முகம் யாருடையது என்று கேட்காமல் ‘9ஆம் கிரகோரியின் படம்’ என்று ஆல்பத்தில் எழுதிவிட்டால், விஷயம் தெரிந்தவர் ஒருவர் புரட்டும்போது சிரிப்பார்.

ஆகவே என் முறை இது. எந்தப் பழைய போப்பின் தபால்தலை கிடைத்தாலும் மூன்று பெயர்களைக் கண்டுபிடிப்பேன். போப் யார், மூலப் படைப்பு யாருடையது, அந்தப் படைப்பைச் செய்யச் சொன்னவர் யார். மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் சுவையான பதில் கிடைக்கும்.

1935 செட்டை இப்போதே வாங்கிவிட வேண்டாம். அது விலை அதிகம். விலையும் ஆபத்தும் அதைவிட அதிகமானது, 1934இல் பழைய தபால்தலைகள்மீது புது மதிப்பு அச்சடித்து வந்த தற்காலிக வெளியீடு. அசல் தபால்தலையின்மேல் போலியாக எண் அடித்தவை நிறைய உலவுகின்றன. நிபுணர் சான்றிதழ் இல்லாமல் யாராவது உங்களிடம் நீட்டினால், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

எழுத்துகளைப் படிப்பது

வாடிகன் தபால்தலையில் ‘போஸ்தே வாத்திகானே’ அல்லது ‘சித்தா தெல் வாத்திகானோ’ என்று நாட்டின் பெயர் இருக்கும். மற்ற வரிகள் இத்தாலியனிலோ இலத்தீனிலோ. ‘அன்னோ சாந்தோ’ என்றால் யூபிலி ஆண்டு. ஆண்டை ரோம எண்ணில் போடும் பழக்கம் அதிகம் என்பதால் எம் 1000, டி 500, சி 100, எல் 50, எக்ஸ் 10 என்பதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சிறியது பெரியதற்கு முன்னால் வந்தால் கழிக்க வேண்டும். 1939 சேதே வக்காந்தேயில் ஆண்டு எம், சி, எம், மூன்று எக்ஸ், ஐ, எக்ஸ் என்று இருக்கும். 1000, பிறகு 1000இலிருந்து 100 கழித்து 900, பிறகு 30, கடைசியில் 9. சரியாக வருகிறதல்லவா.

தபால்தலையில் உள்ள மதிப்பு 2001 வரை லிராவில், அதன்பின் யூரோவில். 1999 முதல் 2001 வரை இரண்டும் சேர்ந்து இருப்பதைப் பார்க்கலாம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

அதிகம் தேவையில்லை. முனை தட்டையான ஸ்டாம்ப் ட்வீசர், லென்ஸ், தபால்தலைகளைச் செருகி வைக்கும் ஒரு ஸ்டாக் புக். விரலால் எடுக்காதீர்கள். விரலில் எப்போதும் எண்ணெய்ப் பசை இருக்கும். உடனே தெரியாது, ரெண்டு வருடம் கழித்து மஞ்சளாகத் தெரியும். புருவம் திருத்தும் ட்வீசர் ஆகாது, முனை கூர்மையாக இருந்து தாளைக் கீறும்.

ஸ்டாக் புக் வாங்கும்போது பக்கம் கறுப்பாக, பட்டைகள் கிளாஸின் என்ற வழவழப்பான மெல்லிய தாளிலோ தெளிவான ஃபிலிமிலோ இருக்கிறதா, பக்கங்களுக்கிடையே மெல்லிய தாள் இருக்கிறதா என்று பாருங்கள். போட்டோ ஒட்டும் பசைப்பக்க ஆல்பம் வேண்டவே வேண்டாம். முகர்ந்தால் புது ரெக்ஸின் வாடை அடிக்கும் பிளாஸ்டிக் கவர்களும் வேண்டாம், பி.வி.சி. நாளடைவில் மையோடு ஒட்டிக்கொள்ளும். லாமினேஷன் செய்து வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது.

நம் ஊரில் முக்கிய எதிரி ஈரப்பதம். மிண்ட் (அஞ்சலில் பயன்படாத புதிய) தபால்தலையின் பின்னால் உள்ள பசை ஐப்பசி கார்த்திகை மழையில் தானாக இளகி, பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்டாக் புக்கைப் படுக்கவைத்து அடுக்காமல் புத்தகம்போல் நிமிர்த்தி வையுங்கள். அழுத்தம் குறையும், காற்று புகும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், உட்சுவர் நல்லது. சிலிகா ஜெல் பொட்டலம் ரெண்டு போட்டு, மாதம் ஒரு தடவை வெயிலில் காய வைத்துத் திரும்பப் போடுங்கள். மழை நாளில் ஆல்பத்தைத் திறந்து ரசிக்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும்.

மிண்டா, யூஸ்டா?

ஹிஞ்ச் படாத மிண்ட், ஹிஞ்ச் பட்ட மிண்ட், யூஸ்டு (அஞ்சலில் பயன்பட்டது) என்று மூன்று நிலை. ஹிஞ்ச் என்பது பழைய காலத்தில் ஆல்பத்தில் ஒட்டப் பயன்படுத்திய சிறு தாள் கீல். அதன் தடம் பசையில் தெரியும். தடம் இருந்தால் விலை இறங்கிவிடும், பழைய செட்டுகளில் பாதிக்கும் கீழே போகும். முன்புறம் பார்க்க ஒரு வித்தியாசமும் இருக்காது. விற்று லாபம் பார்க்கும் எண்ணம் இல்லையென்றால், 1950களின் செட்டுகளை ஹிஞ்ச் பட்டதாகவே வாங்குங்கள். 1961 லியோ மாதிரி மலிவானதில் ஹிஞ்ச் படாததே வாங்கிவிடலாம்.

எதுவானாலும் பின்புறப் படம் இல்லாமல் வாங்காதீர்கள். முன்னால் பளபளவென்று இருக்கும், பின்னால் தாள் மெலிந்துபோயிருக்கும். சுற்றியுள்ள பற்களில் ஒன்றிரண்டு குட்டையாக இருக்கிறதா, மூலையில் மடிப்பு உண்டா என்று பாருங்கள். மடிப்பு சாய்ந்த வெளிச்சத்தில்தான் தெரியும். 1940களுக்குப் பிறகு வந்த பல வாடிகன் தபால்தலைகளில் தாளுக்குள் குறுக்குச் சாவி நீர்க்குறி இருக்கும். கறுப்புத் தட்டில் கவிழ்த்து வைத்தால் சில சமயம் வெறும் கண்ணுக்கே தெரியும். இருந்தால் மகிழ்ச்சி.

யூஸ்டு தபால்தலை உறைத் துண்டோடு வந்தால் ஊறவைத்துப் பிரிக்கலாம். அகலமான தட்டில் சாதாரண தண்ணீர், படம் மேலே இருக்கும்படி மிதக்க விடுங்கள். இருபது நிமிடம் போல ஆனதும் தானாக நழுவும். இழுக்கக்கூடாது. நழுவவில்லையென்றால் இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள், அவசரம் ஒன்றுமில்லை. பின்பக்கப் பசையை விரல் நுனியால் தண்ணீருக்குள்ளேயே மெல்லத் தடவி எடுத்துவிட்டு, மை உறிஞ்சும் தாளில் கவிழ்த்துக் காய வைத்து, முழுதும் காய்ந்தபின் கனமான புத்தகத்தில் ஒரு நாள். சிவப்பு, பச்சை உறைத் துண்டுகளைத் தனியாக ஊறவையுங்கள், சாயம் இறங்கும். சமீப கால ஸ்டிக்கர் வகைத் தபால்தலைகள் தண்ணீருக்கு அசைந்து கொடுக்காது. சுற்றி ஓரம் விட்டு உறையோடு வெட்டி வைத்துக்கொள்வதே மேல்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். முழு உறை கிடைத்தால் தபால்தலையை வெட்டி எடுக்காதீர்கள். வாடிகன் தபால்தலையை வாடிகன் அஞ்சலில் மட்டும்தான் பயன்படுத்த முடியும். எதிர்ச்சாரியில் இருக்கும் இத்தாலிய அஞ்சல் பெட்டியில் போட்டால் செல்லாது. பேராலயச் சதுக்கத்தில் யாரோ ஒரு யாத்திரிகர் நின்று ஒட்டி, தேதி முத்திரை விழுந்து, ஒரு முகவரிக்குப் போய்ச் சேர்ந்த உறை அது. தபால்தலை பல லட்சம் அச்சாகியிருக்கும், அந்த உறை ஒன்றுதான்.

எங்கே வாங்குவது

சென்னை அண்ணா சாலை தலைமை அஞ்சலகம் போன்ற இடங்களில் உள்ள அஞ்சல்தலைப் பிரிவில் இந்தியத் தபால்தலைதான் கிடைக்கும். வாடிகனுக்கு மூன்று வழி. புது வெளியீடுகளை வாடிகனின் தபால்தலை விற்பனைப் பிரிவே நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. பழையவற்றுக்கு இணைய ஏலத் தளங்கள், அல்லது ஊரில் நடக்கும் கண்காட்சிகளில் கடை போடும் வியாபாரிகள். ரோமுக்குப் போகிறவர் தெரிந்தவராக இருந்தால் நாலாவது வழியும் உண்டு. அவரிடம் தபால்தலை வாங்கிவரச் சொல்வதோடு, ஒன்றை ஒட்டி உங்கள் முகவரிக்கே ஒரு அட்டையை வாடிகன் பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

இணையத்தில் வாங்கும்போது தனித்தனியாக வாங்கினால் தபால் செலவு தபால்தலை விலையைத் தாண்டிவிடும். ஒரே விற்பனையாளரிடம் ஒரு பட்டியல் சேர்ந்ததும் மொத்தமாக வாங்குங்கள். கெட்டி அட்டைக்கு நடுவில் வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள்.

கண்காட்சிக் கடைகளில் ‘எந்தச் செட்’ என்று ஆண்டோடு கேளுங்கள். ‘வாடிகன் 1961, லியோ’ என்று கேட்கிறவரிடம் பேசும் தொனியே வேறாக இருக்கும்.

ஆல்பத்தில் ஒரு பக்கம்

வாங்கிய அன்றே எழுதிவிடுங்கள். தள்ளிப்போட்டால் எழுதவே மாட்டீர்கள். வெள்ளைத் தாளில் தபால்தலைகளைப் பொருத்தி, கீழே நாலைந்து வரி போதும். இப்படி:

‘வாடிகன், 1961. பெரிய லியோ (போப் 440–461) இறந்த 1500ஆம் ஆண்டு நினைவு. 452இல் அட்டிலாவைச் சந்தித்த காட்சி. மூலம்: அலெஸ்ஸாந்த்ரோ அல்கார்தியின் பளிங்குச் சிற்பம், புனித பேதுரு பேராலயம், ரோம். மூன்று மதிப்புகள், மிண்ட். ஒப்பிடுக: 1951 கால்செடன் செட், அதே காட்சி, ரஃபேல் ஓவியம்.’

வாங்கிய தேதி, விலை, யாரிடம் என்பதைத் தாளின் பின்புறம் பென்சிலில். பேனா வேண்டாம், மை ஊறும்.

லியோவுக்குப் பிறகு

அதே பெயரில் தொடரலாம். தொழிலாளர் உரிமை பற்றி 13ஆம் லியோ 1891இல் எழுதிய ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலுக்கு 1991இல் நூற்றாண்டு வெளியீடு வந்தது. 2025இல் பதவியேற்ற 14ஆம் லியோவின் தொடக்க வெளியீட்டோடு சேர்த்தால் ஒரு சின்ன ‘லியோ வரிசை’ தயார்.

ஒரே செட்டில் பல பழைய போப்புகள் வேண்டுமென்றால் 1953இல் வந்த பேராலயச் செட்டைத் தேடுங்கள். வாடிகன் வெளியீடுகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது இது. ஒவ்வொரு தபால்தலையிலும் ஒரு போப், பக்கத்தில் பேராலயத்தில் அவர் காலத்தில் எழுந்த பகுதி. சில்வெஸ்டருடன் கான்ஸ்டன்டைன் கட்டிய பழைய கோயில், 2ஆம் ஜூலியஸுடன் பிரமான்தேயின் வரைபடம், 5ஆம் சிக்ஸ்துஸுடன் குவிமாடம், 5ஆம் பவுலுடன் முகப்பு, 8ஆம் அர்பனுடன் பெர்னினியின் வெண்கல விதானம், 7ஆம் அலெக்சாண்டருடன் சதுக்கத்துத் தூண்வரிசை. மதிப்பு வரிசையில் அடுக்கினால் கட்டடம் கண்முன்னே எழும்புவதைப் பார்க்கலாம். சரித்திர வகுப்பில் ஒரு மணி நேரம் எடுக்கும் விஷயம் ஒரு கையகலத் தாளில்.

நாட்காட்டியில் ஆர்வமுள்ளவர்களுக்கு 13ஆம் கிரகோரி. 1582 அக்டோபர் 4ஆம் தேதிக்கு மறுநாளை 15ஆம் தேதி என்று அறிவித்தவர். 1982இல் 400ஆம் ஆண்டுக்கு வாடிகன் வெளியிட்ட தபால்தலைகளில் இருப்பவை அவர் கல்லறையில் கமில்லோ ருஸ்கோனி செதுக்கிய புடைப்புச் சிற்பங்கள்.

வாடிகனுக்கு வெளியே போனால் சுவை கூடும், ஏனென்றால் மற்ற நாடுகள் போப்பைத் தங்கள் ஊர்க்காரராகப் பார்க்கின்றன. 1964இல் பிரான்ஸ் 2ஆம் சில்வெஸ்டருக்குத் தபால்தலை போட்டது. போப் ஆவதற்கு முன் ஓரியாக் ஊர் கெர்பெர் என்று அழைக்கப்பட்ட அந்தக் கணிதப் பைத்தியம்தான், இந்தியாவில் பிறந்து அரபியர் வழியாக வந்த எண் வடிவங்களைத் தன் மணிச்சட்டத்தில் போட்டு ஐரோப்பிய மாணவர்களுக்குக் கற்பித்தவர். ஹங்கேரி அதே மனிதரை 1938இலேயே, தங்கள் முதல் அரசர் புனித ஸ்டீபனுக்கு மணிமுடி கொடுத்தனுப்புபவராக அச்சிட்டது. போர்ச்சுகல் 1977இல், மருத்துவராக இருந்து போப்பான 21ஆம் ஜானின் 700ஆம் ஆண்டு நினைவுக்கு இரண்டு தபால்தலை வெளியிட்டது. பாவம், பதவிக்கு வந்து ஓராண்டு முடியும் முன்னே விதெர்போவில் படிப்பறைக் கூரை இடிந்து விழுந்து இறந்தவர் அவர்.

இந்தியாவைச் சேர்க்க ஆசைப்படுபவர்கள் 1964 டிசம்பரைப் பிடியுங்கள். நற்கருணை மாநாட்டுக்காக 6ஆம் பவுல் டிசம்பர் 2 முதல் 5 வரை பம்பாய் வந்தார். இந்திய மண்ணை மிதித்த முதல் போப் அவர். அந்தப் பயணத்துக்காக வாடிகன் வெளியிட்ட செட்டில் நம் கேட்வே ஆஃப் இந்தியா ஒரு தபால்தலையில் நிற்கும். இந்தியா டிசம்பர் 2ஆம் தேதி வெளியிட்ட 15 பைசா தபால்தலையில் போப் இல்லை. அதில் இருப்பவர் புனித தோமா, இத்தாலியின் ஒர்தோனா ஆலயத்தில் உள்ள சிலை வடிவில். மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டதாக மரபு சொல்லும் அதே தோமா. அவருடைய எலும்புகள் 1258 முதல் ஒர்தோனாவில் இருப்பதாக அந்த ஊர்க்காரர்கள் போற்றுகிறார்கள். வாடிகன் செட்டை வெளிநாட்டு விற்பனையாளரிடமும், இந்தியத் தபால்தலையை ஊர் வியாபாரியின் 1964ஆம் ஆண்டுக் கட்டிலும் தேடுங்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் பொருத்தும்போது தேதியை மறக்காமல் எழுதுங்கள்.